லூகருக்குப் பாலிஷ் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

ஹூஸ்டனில் ஓர் ஏலத்தில் லூகர் பி.08 என்ற பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கி எடுத்தேன். தோட்டா அமரும் குழல் அறையின் மேல் 1917 என்ற ஆண்டு, டாகிளில் (மேலே முழங்கால்போல் மடங்கும் இணைப்பில்) தயாரிப்பாளரான டி.டபிள்யூ.எம். முத்திரை. பழைய தோல் உறையும் கிடைத்தது. கருநீலம் மங்கியிருக்கிறது. டிரிகரும் சேஃப்டி நெம்பும் துருப்பிடித்தாற்போல மஞ்சளாக இருக்கின்றன. புதிதாகப் புளூயிங் (கருநீலப் பூச்சு) போடலாமா? சுட்டுப் பார்க்கலாமா?

கதிர்

அன்புள்ள கதிர்,

புளூயிங் போடவே போடாதீர்கள். அந்த மஞ்சள் துரு அல்ல. சின்னப் பாகங்களைச் சூடேற்றி வரவழைத்த வைக்கோல் நிறம். பின்னாளில் லூகரைத் தயாரித்த மவுசர் ஆலை 1937 வாக்கில் அதைக் கைவிட்டு எல்லாவற்றையும் கருநீலமாக்கியது. உங்களுடையதில் அது மிச்சமிருப்பதே அதிர்ஷ்டம். பாலிஷ் சக்கரத்தில் ஏற்றினால் முத்திரைகளின் ஓரம் மழுங்கிவிடும், விலையும் பாதிக்குப் பாதி விழும்.

கையில் எடுத்ததும் மேகசினை (தோட்டாக் கூட்டை) கழற்றுங்கள். டாகிளின் இரண்டு குமிழ்களையும் பிடித்து இழுத்து, அறைக்குள் விரல் விட்டுப் பாருங்கள். உள்ளே தோட்டா இருந்தால், அதை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் மேலெழும்பி, அதன் இடப்பக்கம் 'கெலாடன்' (தோட்டா ஏற்றியது) என்ற ஜெர்மன் சொல் தெரியும். அதை மட்டும் நம்பாதீர்கள். லூகரின் மேல்பாகம் பிடியிலிருந்து தனியே கழன்றாலும் சுடக்கூடியது: சுடும் ஊசியைத் தடுத்து வைத்திருக்கும் சியர் பட்டை இடப்பக்கம் வெளியே தெரியும், அதில் விரல் அழுந்தினால் போதும்.

பிரிக்க, குழல் முனையை மரப்பலகையில் ஊன்றி ஒரு சென்டிமீட்டர் அமுக்கி, இடப்பக்கம் டிரிகருக்கு முன்னால் உள்ள நெம்பைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். பக்கத்தகடு கழன்றுவிடும், மேல்பாகம் முன்பக்கமாக வழுக்கி வரும். மாட்டும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். டாகிளின் பின்னால் தொங்கும் கொக்கி பிடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் நெம்பில் சிக்க வேண்டும். துப்பாக்கியைக் கவிழ்த்துப் பிடித்து மாட்டினால் தானாக விழும். டாகிளை இழுக்கும்போது ஸ்பிரிங்கின் எதிர்ப்பே இல்லையென்றால் கொக்கி சிக்கவில்லை. இடப்பக்க மரப்பிடியை வீணாகக் கழற்றாதீர்கள், சேஃப்டியை ஒட்டிய மூலை சில்லாகப் பெயர்ந்து வந்துவிடும்.

பிறகு வரிசை எண்கள். முழு எண் பிடிச்சட்டத்தின் முன்முனையிலும் குழலின் அடியிலும் இருக்கும், அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் சின்னப் பாகங்களில். எல்லாம் பொருந்தினால் சுடாதீர்கள் என்பதே என் கட்சி. எண் போட்ட ஒரு சின்னப் பாகம் உடைந்தாலும் அந்தப் பொருத்தம் திரும்பாது. சுட்டே தீருவதென்றால் முதலில் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிறகு 115 கிரெயின் எடையுள்ள சாதாரண அழுத்தத் தோட்டா போதும், அழுத்தம் கூடிய பிளஸ்-பி ரகம் வேண்டாம். பழைய மேகசினை எடுத்து வைத்துவிட்டுப் புதுப் பிரதி ஒன்றில் சுடுங்கள்.

தோல் உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்து ஒரே மழைக்காலத்தில் குழலை அரித்துவிடும். மெல்லிய எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல்லுடன் பூட்டிய பெட்டியில் வையுங்கள்.

சட்டத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் மத்திய சட்டத்தில் 1898 வரை தயாரானதுதான் 'ஆண்டிக்'. உங்களுடையது சாதாரணத் துப்பாக்கிக் கணக்கில்தான் வரும். ஊருக்கு எடுத்துப்போகும் ஆசையும் வேண்டாம், இது சுடும் 9 மி.மீ. இந்தியாவில் தடைசெய்யப்பட்ட ரகம்.