வீட்டுப் பொருட்களை வைத்து ரயில்வே சிக்னல் மாடல் செய்வது எப்படி? மூன்று எல்இடி, மூன்று சுவிட்ச் போதுமா?

போதாது. மூன்று எல்இடியும் மூன்று சுவிட்சும் வைத்தால் அது சீரியல் செட்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக்குக் கண்காட்சி, பையன் இன்று ராத்திரிதான் வாயைத் திறந்திருப்பான் என்று ஊகிக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

என் அப்பா பாயிண்ட்ஸ்மேன், அதாவது ரயில் தடம் மாற்றிவிடும் ஊழியர். டெல்டா பக்கம் மீட்டர் கேஜ் ஓடிய காலத்தில் கைகாட்டி மரத்தில் ஏறி மண்ணெண்ணெய் விளக்கு வைத்தவர். சிக்னல் என்றால் அவருக்கு ஒரே சங்கதிதான்: கம்பி அறுந்தால் கை தானாக 'நில்' என்று காட்டணும். லீவரை இழுத்துப் பிடித்தால்தான் கை இறங்கி 'போகலாம்' என்று காட்டும். விட்டாலும் சரி, அறுந்தாலும் சரி, பின்பக்க எடை அதைப் படுக்கைவாட்டுக்கு, அதாவது 'நில்' நிலைக்கு, தூக்கிவிடும். 1876-இல் இங்கிலாந்தில் ஆபட்ஸ் ரிப்டன் என்ற இடத்தில் பனி உறைந்து, இறங்கிய கை மேலே எழும்பவே இல்லை. ரயில்கள் மோதி உயிர்கள் போயின.

என் மகளின் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்தது இது. மரத்துக்கு பிவிசி பைப். கைக்குப் பழைய பிளாஸ்டிக் ஸ்கேல், சிவப்பு பெயின்ட், நுனிப்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை. அச்சுக்கு சைக்கிள் போக்ஸ் கம்பி. அச்சுக்குப் பின்னால் நீளும் குட்டைப் பக்கத்தில் இரும்பு நட்டுகளை ஒட்டி, கையைவிட அது கனமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கைவாட்டைத் தாண்டாமலிருக்க ஓர் ஆணி. கைப்பக்கம், அச்சுக்குக் கிட்டே தூண்டில் நரம்பைக் கட்டிக் கீழே லீவருக்கு இறக்குங்கள். சைக்கிள் பிரேக் கேபிள் போடச் சொல்வார்கள், வேண்டாம். அது உறைக்குள் உரசி நின்றுவிடும், எடை திருப்பித் தூக்காது.

அசல் கைகாட்டியில் ராத்திரி விளக்குக்கு முன்னால் பச்சைக்கு இருந்தது நீலம் கலந்த கண்ணாடி. மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சளோடு சேர்ந்து தூரத்தில் பச்சையாகத் தெரியும். வெள்ளை எல்இடி வைத்தால் அந்த வேலை நடக்காது, பச்சை ஜெலட்டின் பேப்பரே ஒட்டுங்கள்.

மேலே தூக்கும் வகையும் உண்டு, அதில் 45, 90 டிகிரி என்று நிலைகள் வரும், தெரியும். ரயில்வே நண்பர்கள் பின்னூட்டத்தில் பாடம் எடுக்க வேண்டாம். 'அப்பாவே செய்து கொடுத்தால் பிள்ளை என்ன கற்கும்' என்பவர்களுக்கு: துளை போட்டது மட்டும்தான் நான்.

நடுவர் வந்ததும் மகள் லீவரை இழுத்துப் பிடித்தபடி அவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து, "நரம்பை வெட்டுங்க சார்" என்றாள். வெட்டினார். கை டக்கென்று மேலே வந்து ஆணியில் இடித்து நின்றது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! பரிசு என்னவோ கடையில் வாங்கிய எரிமலைக்குத்தான்.

நேரம் இருந்தால் தண்டவாளச் சுற்றும் (டிராக் சர்க்யூட்) சேர்க்கலாம்: தண்டவாளத்தில் ரயில் நிற்கிறதா என்று மின்சாரமே சொல்லிவிடும் ஏற்பாடு. அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் 1872-இல் காப்புரிமை வாங்கிய யோசனை. அலுமினியத் தாளில் இரண்டு தண்டவாளம். ஒரு முனையில் பழைய மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர், மறுமுனையில் 12 வோல்ட் ரிலே, அதாவது மின்சாரம் வந்தால் காந்தத்தால் இழுத்து, போனால் விட்டுவிடும் சுவிட்ச். ரிலே இழுத்திருந்தால் பச்சை, விட்டால் சிவப்பு. தாள் சுற்றிய சக்கரமும் அச்சும் ஏறி இரண்டு தண்டவாளத்தையும் இணைத்ததும் மின்சாரம் அதன் வழியாகவே திரும்பிவிடும், ரிலே விட்டுவிடும். அடாப்டர் புகையாமலிருக்க, வரும் வயரில் வரிசையாக ஒரு பைக் மீட்டர் பல்பு போடுங்கள்.

ரிலே பழைய ஸ்டெபிலைசருக்குள் இருக்கும். ஆனால் இப்போது எவன் வீட்டில் ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறான்? சின்னக் கோளாறு என்று எதைக் கொண்டுபோனாலும் 'போர்டே மாத்தணும் சார்' என்கிறான் கடைக்காரன். மிக்ஸியில் ஒரு சுவிட்சுக்காகப் போனவனிடம் புது மிக்ஸி விலை சொல்கிறான். கழற்றிப் பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

சரி, ரிலே கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், கைகாட்டி மட்டும் போதும். நரம்பு இரண்டு முழம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் வெட்டிப் பார்க்கத்தான் கேட்பார்கள்.