சிங்கி இறாலுக்கு நீல முத்திரை கிடைக்குமா?

கேள்வி: ஐயா, ஓசூரில் கடல் மீன் கடை வைத்திருக்கிறேன். கன்னியாகுமரிப் பக்கமிருந்து சிங்கி இறால் வரவழைத்து பெங்களூரு ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறேன். ஒரு ஹோட்டலில், 'எம்.எஸ்.சி. நீல முத்திரை உண்டா?' என்கிறார்கள். எங்கே விண்ணப்பிப்பது? எவ்வளவு கட்ட வேண்டும்?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, எம்.எஸ்.சி. (மரைன் ஸ்டீவர்ட்ஷிப் கவுன்சில்) என்பது கடல் வளம் குறையாமல் நடக்கும் மீன்பிடிப்புக்குச் சான்று தரும் அமைப்பு. அதன் நீல முத்திரை, கடைக்காரர் பணம் கட்டி வாங்குகிற சங்கதி இல்லை. போச்சம்பள்ளியில் என் மாந்தோப்புக்கு இயற்கை வேளாண் சான்று வேண்டுமென்றால், நான் என் வேலிக்குள் ஒழுங்காக இருந்தால் போதும். கடலுக்கு ஏது வேலி? ஒரே சிங்கி வளத்தை நம்பி எத்தனையோ ஊர்கள் வலை போடுகின்றன. அதனால் அந்த மீன்பிடிப்பு முழுவதையும் சோதிப்பார்கள். சிங்கி குறையாமல் இருக்கிறதா, வலையும் கூண்டும் மற்ற உயிர்களைக் கெடுக்கின்றனவா, விதியை மீறினால் தட்டிக்கேட்க ஆள் உண்டா என்று வெளித் தணிக்கையாளர்கள் பார்ப்பார்கள். சான்று ஐந்து வருடத்துக்கு. நடுவில் வருடாவருடம் தணிக்கை.

மேற்கு ஆஸ்திரேலியச் சிங்கிக்கு 2000-லேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் மெய்ன் பகுதிக்கு 2013-ல் கிடைத்து, கூண்டுக் கயிற்றில் அருகிவரும் திமிங்கிலங்கள் சிக்கும் ஆபத்தால் 2022-ல் நிறுத்தி வைத்தார்கள். இந்தியாவில் முதலில் வாங்கியது கேரளத்தின் கொல்லம் அஷ்டமுடிக் காயலின் மட்டிச் சிப்பி, 2014-ல். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுக்கக் கூடாது என்ற தடை அங்கே அதற்குப் பல வருடம் முன்பே நடைமுறையில் இருந்தது. கட்டுப்பாடு முதலில், முத்திரை பிறகு.

நம் பக்கம் எங்கே இடிக்கிறது என்றால், தோப்புக்கு வருமுன் ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்காகக் கடற்கரையில் சிங்கி கொள்முதல் பார்த்தவன் நான். தராசில் வைக்குமுன் புரட்டி வாலடியைப் பார்ப்பேன். சினைச் சிங்கி என்றால் ஆரஞ்சு நிறத்தில் முட்டை கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். சிலதில் முட்டை இருக்காது, சினையை மறைக்க பிரஷ் போட்டுத் தேய்த்த தடம் இருக்கும்! 2003-ல் மத்திய அரசு குறைந்தபட்ச எடை வைத்தது: சிங்கி வகைகளில் பானுலிரஸ் ஹோமாரஸ் என்பதற்கு 200 கிராம், பானுலிரஸ் ஆர்னேட்டஸ் என்பதற்கு 500 கிராம். சரி, ஆனால் அது ஏற்றுமதிக்கான விதி. கம்பெனி கழித்துவிட்ட பொடிச் சிங்கி கடலுக்கா திரும்பும்? ஐஸ் பெட்டியில் ஏறி உள்ளூர்ச் சந்தைக்கு வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடைக்கும் வந்திருக்கும்.

அடுத்த பெட்டி வந்ததும் ஒவ்வொன்றாக எடை போடுங்கள், வாலடியைப் பாருங்கள். சிறிசும் சினையும் வேண்டாம் என்று வியாபாரியிடம் கறாராகச் சொல்லுங்கள். எந்தத் துறையில், எந்த வலையில், எந்தத் தேதியில் பிடித்தது என்று நோட்டில் எழுதி வாங்குங்கள். நாளைக்கே அந்தப் பகுதி சான்று பெற்றாலும், முத்திரையோடு விற்க உங்கள் கடைக்குத் தனியாக ஒரு சான்று வேண்டும். அதற்கும் இந்த நோட்டுதான் அடிப்படை. அதுவரை ஹோட்டல்காரரிடம் முத்திரை இல்லை என்றே சொல்லிவிட்டு நோட்டைக் காட்டுங்கள். பெட்டியில் நீலமாக எதையாவது அச்சடித்து ஒட்டிவிடாதீர்கள், அப்புறம் வம்பு.