மெகாவாட் கூடினால் மின்சாரம் கூடுமா? நீர்மின், சோலார் விரிவாக்கம்: கேள்வி-பதில்

எங்கள் மின் நிறுவனம் பழைய அணை ஒன்றில் இன்னும் இரண்டு டர்பைன் வைக்கப் போகிறதாம். அணைக்கு வரும் தண்ணீர் அதேதானே? கூடுதல் மின்சாரம் எங்கிருந்து வரும்?

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். பெரிதாக ஒன்றும் வராது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் சுமார் 400 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஒரு யூனிட் கிடைக்கும். எத்தனை டர்பைன் வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மழைக்காலத்தில் மதகு வழியே வீணாகப் போகும் தண்ணீரில் கொஞ்சம் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

மாறுவது நேரம். நாள் முழுக்கச் சிறுகச் சிறுக விட்ட தண்ணீரை இனி இருட்டிய பிறகு நான்கைந்து மணி நேரத்தில் மொத்தமாக இறக்கலாம். பகலை சோலார் பார்த்துக்கொள்ளும். கூடுதல் டர்பைனும் சோலார் பூங்காவும் ஒரே அறிவிப்பில் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சீனாவின் லோங்யாங்சியா அணையில் 1,280 மெகாவாட் நீர்மின் நிலையத்தோடு 850 மெகாவாட் சோலாரை இணைத்திருக்கிறார்கள். மேகம் மறைத்து சோலார் சரிந்தால் டர்பைனுக்குப் போகும் தண்ணீரைக் கூட்டுவார்கள், வெயில் வந்தால் குறைப்பார்கள். வெளியே போகும் மின்சாரம் ஓரளவு சீராக இருக்கும்.

500 மெகாவாட் நீர்மின், 500 மெகாவாட் சோலார் என்றால் இரண்டும் சமம்தானே?

இல்லை. மெகாவாட் என்பது ஒரு நொடியில் முடிந்த அதிகபட்சம். வருடத்துக்கு எத்தனை யூனிட் என்பது வேறு கணக்கு. சீனாவின் த்ரீ கோர்ஜஸ் அணை 22,500 மெகாவாட். பிரேசில், பராகுவே எல்லையில் உள்ள இதாய்ப்பு 14,000 மெகாவாட்தான். ஆனால் 2016-இல் இதாய்ப்பு சுமார் 10,300 கோடி யூனிட் தந்தது, த்ரீ கோர்ஜஸ் அதைவிடக் குறைவாகவே தந்தது. காரணம், இதாய்ப்பு இருக்கும் பரானா ஆற்றில் வருடம் முழுக்க ஓரளவு நல்ல நீரோட்டம் இருக்கிறது.

சோலாருக்கு இரவு என்று ஒன்று இருக்கிறதே. நல்ல வெயில் உள்ள இடத்தில்கூட ஒரு மெகாவாட்டுக்கு வருடத்துக்கு 17, 18 லட்சம் யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஓய்வில்லாமல் முழுத் திறனில் ஓடினால் வர வேண்டியதில் அது ஐந்தில் ஒரு பங்கு. அறிவிப்பில் யூனிட் கணக்கு இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

வெயில் கொளுத்தினால் சோலார் நிறையத் தரும்தானே?

வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம். பேனல் 25 டிகிரியைத் தாண்டும்போது ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும்.

தண்ணீரை மேலே ஏற்றித் திரும்ப இறக்கும் நீரேற்று நிலையத்தில் மின்சாரம் நஷ்டம்தானே?

நஷ்டம்தான். 100 யூனிட் செலவழித்து ஏற்றினால் 75, 80 யூனிட் திரும்ப வரும். ஆனால் அந்த 100 மதியம் சோலார் மிஞ்சிக் கிடக்கும்போது எடுத்தது. திரும்ப வரும் 80, ஊரே விளக்குப் போடும் நேரத்தில் வருகிறது. வேல்ஸில் உள்ள டினோர்விக் நிலையம் சில நொடிகளில் நூற்றுக்கணக்கான மெகாவாட்டைக் கொடுத்துவிடும். பழைய அனல்மின் நிலையத்திடம் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

மழை பொய்த்தால் இந்தத் திட்டம் என்ன ஆகும்?

நீர்மின்னை மட்டும் நம்பினால் கஷ்டம்தான். ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் உள்ள கரிபா நீர்த்தேக்கத்தில் 2022 கடைசியில் பயன்படுத்தக்கூடிய தண்ணீர் கிட்டத்தட்ட தீர்ந்துபோனது. இரண்டு நாடுகளிலும் மணிக்கணக்கில் மின்வெட்டு. மேகமில்லாத வறட்சிக் காலத்தில் சோலார் நன்றாகவே ஓடும். அதனால் இந்த ஜோடியை நான் ஆதரிக்கிறேன். ஆனால் சோலார் தண்ணீரை மிச்சப்படுத்துமே தவிர, வற்றிய அணையை நிரப்பாது.

அணைத் தண்ணீர் மேலேயே மிதக்கும் பேனல் போடுகிறார்களாமே?

போடுகிறார்கள். போர்ச்சுகலின் அல்கேவா அணையில் 2022-இல் சுமார் 12,000 பேனலை மிதக்கவிட்டார்கள். நிலம் தேட வேண்டாம், ஏற்கெனவே உள்ள மின்தடத்தையே பயன்படுத்தலாம். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது நங்கூரம் தாங்க வேண்டும், அதில்தான் செலவு.

அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் குடியிருக்கிறோம். எங்களுக்கு ஏதாவது பாதிப்பு உண்டா?

உண்டு. மாலையில் மட்டும் டர்பைன் ஓடினால் ஆறு பகலில் வாடிக் கிடக்கும், பிறகு சில நிமிடங்களில் ஏறிவிடும். குளிப்பவர்களுக்கு ஆபத்து, மீன் முட்டைகளும் கரையில் காய்ந்துபோகும். எப்போதும் விட வேண்டிய குறைந்தபட்ச நீர் எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் திறப்பார்கள், சைரன் எங்கெங்கே, ஏற்ற இறக்கத்தைத் தாங்கக் கீழே ஒரு சிறிய தடுப்பணை உண்டா? கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இதை எல்லாம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.