சரபோஜி: சேகரித்தவரா, செய்தவரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தஞ்சையை ஆண்ட மராட்டியர் இரண்டாம் சரபோஜியை நவீன மன்னர் என்று எழுதியிருந்தீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியுடன் செய்த 1799 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருக்குத் தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும்தானே மிஞ்சின? சரஸ்வதி மகால் நூலகமும் நாயக்கர் காலத்தில் தோன்றியது. கம்பெனிப் பணத்தில் புத்தகம் சேர்த்த ரசிகர் என்பதே பொருந்தும். மராட்டியை விரைந்தெழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் உள்ள அரண்மனை ஆவணங்களை நேரடியாகப் படித்துப் பார்க்கலாம் என்றால் ஆண்டுகளே பிடிபடவில்லை.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொல்லும் தகவல்கள் சரி. ஆட்சியைக் கம்பெனியிடம் விட்டுவிட்டு ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும் (அக்காலப் பொன் நாணயம்) நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பெற்றவர்தான் அவர். ஆனால் 'ரசிகர்' என்பதை நான் ஏற்கவில்லை. 1826இல் தஞ்சைக்கு வந்த ஆங்கிலேயப் பாதிரியார் பிஷப் ஹீபர், ஐரோப்பிய அறிவியலாளர்களான லவாசியே, லின்னேயஸ், பஃபோன் ஆகியோரை மன்னர் சரளமாக மேற்கோள் காட்டியதை எழுதிவைத்திருக்கிறார். சேர்த்ததைப் படித்தவர், படித்ததை வேலைக்குக் கொண்டுவந்தவர்.

அவருடைய மருத்துவ நிலையமான தன்வந்திரி மகாலைப் பாருங்கள். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் நான்கும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருந்தன. பயன் தெரிந்த முறைகளை நோய்வாரியாகப் பிரித்துத் தமிழ்ச் செய்யுளாக்கினார்கள். அவையே 'சரபேந்திர வைத்திய முறைகள்'. கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் கண்ணின் நிலையை வண்ணத்தில் தீட்டிய படங்களும் இன்றும் நூலகத்தில் உள்ளன. அறுவைக் கத்தியை மன்னரே பிடித்தாரா என்று பலரும் விவாதிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம், ஒவ்வொரு நோயாளிக்கும் குறிப்பு எழுதிவைத்த பழக்கம். பூகோளத்தைக் குறத்தி வாயால் சொல்லவைத்த அவருடைய 'தேவேந்திரக் குறவஞ்சி'யும் இதே மனத்திலிருந்து வந்ததுதான்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாமே அரண்மனைப் பணத்தில் நடந்தன. 1855இல் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி அரசைக் கையகப்படுத்தியது. மருத்துவப் பணியைத் தாங்க யாருமில்லை. நூலகம் தப்பி, 1918இல் பொதுமக்களுக்குத் திறந்தது.

இனி ஆண்டுக் கணக்கு. நீங்கள் சக ஆண்டு என்று நினைத்து, கி.பி. ஆண்டு கிடைக்க 78 கூட்டியிருப்பீர்கள். மராட்டிய ஆவணங்களில் பெரும்பாலும் சுஹூர் என்ற வேறொரு ஆண்டுக் கணக்கு வரும், அதுவும் அரபுச் சொல்லில், ஒற்றை இலக்கம் முதலில். 'கமஸ் மயாதைன் வ அலஃப்' என்றால் ஐந்து, இருநூறு, ஆயிரம்: 1205. ஆண்டு ஜூன் தொடக்கத்தையொட்டிப் பிறக்கும். ஆகவே கி.பி. ஆண்டு கிடைக்க, டிசம்பர் வரை 599, ஜனவரி முதல் 600 கூட்டுங்கள். 1205 என்பது 1804-05. இதை மறந்தால் ஓராண்டு தவறும்.

மோடியில் முதலில் வரி முழுக்கத் தலைக்கோடு இழுத்துவிட்டு, பேனாவை எடுக்காமல் எழுத்தைத் தொங்கவிடுவார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. இகர உகரங்களில் குறில் நெடில் பேதமும் இல்லை. எனவே கடிதங்களில் தொடங்காதீர்கள். சத்திரக் கணக்குகளை எடுங்கள்: அரிசி, நெய், பருப்பு என்று அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும், கண் பழகிவிடும். தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மோடி ஆவணத் தமிழாக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம் பற்றிய பகுதிகளை முதலில் பாருங்கள்.