கோச் திட்டினால் கோப்பை வருமா?

வணக்கம் சார்,

நான் பெரம்பூர்க்காரன். சின்ன வயதில் வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடியவன். நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை மகனுக்குப் பேஸ்பால் என்றால் உயிர். கறாரான மேனேஜர் (பேஸ்பாலில் கோச்சுக்கு அந்தப் பெயர்) வந்தால்தான் டீம் உருப்படும் என்று போனில் தினமும் சண்டை போடுகிறான். ஆடுகிறவன் ஆடினால் ஜெயிக்கப்போகிறார்கள், ஓரமாக உட்கார்ந்திருப்பவர் என்ன கிழிக்கிறார் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ர., பெரம்பூர்

அன்புள்ள ர.,

உங்கள் மருமகன் பக்கம் ஆள் பலம் இருக்கிறது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணி 1966-ல் தன் லீக்கின் பத்து அணிகளில் ஒன்பதாவது. அடுத்த வருடம் டிக் வில்லியம்ஸ் மேனேஜராக வந்தார். கேப்டன் பதவியையே எடுத்துவிட்டார். எடை கூடிவிட்டது என்று ஜார்ஜ் ஸ்காட்டை ஆடவிடாமல் உட்கார வைத்தார். அந்த 1967-லேயே அணி லீக் பட்டம் வாங்கிவிட்டது. ஆனால் அதே வருடம்தான் அந்த அணியின் யாஸ்ட்ரெம்ஸ்கி என்ற மனிதர் அடித்து நொறுக்கி, பேட்டிங்கின் மூன்று முக்கியப் பட்டியல்களிலும் முதலிடத்தில் நின்றார். அதையும் திட்டித்தான் வரவழைத்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1969 சீசன் முடிவதற்குள் வில்லியம்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் பக்கத்துக்கு கேஸி ஸ்டெங்கல் என்ற மேனேஜர் ஒருவரே போதும். நியூயார்க் யாங்கீஸ் அணியோடு 12 வருடத்தில் 10 லீக் பட்டம், இரண்டு லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் உலகத் தொடரில் 7 வெற்றி. பிறகு 1962-ல் புதிதாகப் பிறந்த மெட்ஸ் அணிக்குப் போனார். 40 வெற்றி, 120 தோல்வி. அதே மூளை, அதே வாய். ஆட ஆளில்லை.

சரி, அப்போது கண்டிப்புக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ஒழுகுகிற குழாயை இறுக்கினால் தண்ணீர் மிச்சமாகும். நம் பக்கம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஒழுகாத குழாயை இன்னும் இறுக்கினால் மரை போய்விடும். கறார் மேனேஜர்கள் முதல் வருடம் மின்னுவதும், மூன்றாவது வருடம் பெட்டியைக் கட்டுவதும் பெரும்பாலும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பில்லி மார்ட்டின் என்ற கறார் மேனேஜரின் கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1979-ல் 108 ஆட்டம் தோற்ற ஓக்லாந்து அணியை அடுத்த வருடமே 83 வெற்றிக்குக் கொண்டுவந்தார். அந்த 1980-ல் 162 ஆட்டங்களில் 94-ல், முதலில் பந்தெறிய வந்தவரே கடைசிவரை எறிந்து முடித்தார். அந்தக் காலத்துக்கே இது ரொம்பக் கூடுதல். 1981-ல் லீக் அரையிறுதி போல ஒரு கட்டம் தாண்டி, பட்டத்துக்கான தொடர் வரை போனார்கள். 1982-ல் 94 தோல்வி, மார்ட்டினுக்கும் வேலை போயிற்று. அந்த இளம் பந்தெறிவாளர்களில் பலருக்குக் கை கெட்டு, பழைய வீச்சு திரும்பவே இல்லை. எல்லாப் பழியையும் அவர் தலையில் கட்டக்கூடாது என்பவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் மேனேஜருக்குப் பயந்த பையன் 'கை வலிக்குது' என்று வாயைத் திறப்பானா?

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் ஃபுட்பால் டீமுக்கு ஒரு கோச் இருந்தார். காலை ஐந்தரைக்கு விசில். ஐந்து முப்பத்தொன்றுக்கு வந்தவன் அன்றைக்குப் பந்தைத் தொட முடியாது, சுற்றிச் சுற்றி ஓட வேண்டியதுதான். மாஞ்சா போட்டுக்கொண்டும் கேரம் போர்டே கதி என்றும் கிடந்த எங்களை அவர்தான் டீமாக ஆக்கினார். சம்பளமே வாங்காத மனிதர் வேறு. இரண்டு கோப்பை வாங்கினோம்.

எங்கள் கோல்கீப்பருக்கு அந்த இரண்டாவது கோப்பை சமயத்தில் முட்டி வீங்கியிருந்தது. எனக்குத் தெரியும், இன்னும் நான்கு பேருக்குத் தெரியும். கோச்சுக்கு மட்டும் தெரியாது. சொன்னால் 'நடிக்கிறியா' என்பார், அடுத்த மேட்சில் பெயர் இருக்காது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஃபைனல் வரை நின்றான்.

இப்போது காசிமேட்டில் மீன் வியாபாரம். ஏலத்தில் நிற்கும்போது இன்றும் வலது காலைத் தரையில் முழுசாக ஊன்றமாட்டான். போன மாதம் பார்த்தபோது கோச்சைப் பற்றிப் பேச்செடுத்தேன். "தங்கமான மனுஷன்டா" என்றான், காலை மாற்றி வைத்துக்கொண்டே.