பழைய பிரிட்டிஷ் டிவி பேய் நாடகங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

"1970-களின் பிரிட்டிஷ் பேய் நாடகங்களை ஆளாளுக்குக் கொண்டாடுகிறார்களே என்று யூடியூபில் சிலதைப் பார்த்தேன். அட்டை செட், மங்கலான படம், பேய்கூட ஒழுங்காக வரவில்லை. சிரிப்புதான் வந்தது. இதில் என்ன பயம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பஸ்ஸில் போகும்போது கைப்பேசியில், பாதியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். இதே வசனத்தை என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒருவர் சொன்னார், அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமான பதில்.

அட்டை செட்டுக்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு அங்கே வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளைப் பெரும்பாலும் ஸ்டுடியோவில் வீடியோ டேப்பில் எடுப்பார்கள், வெளிப்புறத்தை 16 எம்எம் ஃபிலிமில் எடுப்பார்கள். கதவைத் திறந்து ஒருவர் தோட்டத்துக்குப் போனால் படத்தின் சாயலே மாறிவிடும். யூடியூபில் சுற்றுவதோ பல நேரம் யாரோ வீட்டில் பதிவு செய்த கேசட்டின் நகலுக்கு நகல். அதைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவைத் திட்டுவது அநியாயம்.

அப்புறம், இவை சினிமா இல்லை. இங்கிலாந்தில் டிசம்பர் மாதம் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து பேய்க்கதை கேட்பது அவர்களுக்குப் பழைய வழக்கம். பேய்க்கதை எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸ் தன் கதைகளைக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் நண்பர்களுக்கு அப்படித்தான் வாசித்துக் காட்டினார். அந்த வழக்கத்தைப் பிபிசி 1971-இலிருந்து 1978 வரை வருஷத்துக்கு ஒரு குறும்படமாகக் கொண்டுவந்தது. 1972-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 24 அன்று 'எ வார்னிங் டு த க்யூரியஸ்', மறுநாளே 'த ஸ்டோன் டேப்'. அடுத்தடுத்த இரண்டு ராத்திரி!

முதலாவது நார்ஃபோக் கடற்கரையில் எடுத்தது. பூமியில் புதைந்த பழைய கிரீடத்தை ஒருவன் தோண்டி எடுத்துவிடுகிறான், அவ்வளவுதான் கதை. பேய் பாய்ந்து வராது. பைன் மரங்களுக்கு நடுவே வெகு தூரத்தில் கறுப்பாக ஒரு ஆள் நிற்பான், கேமரா அவனைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாது. கைப்பேசித் திரையில் அந்த ஆள் ஒரு புள்ளி. உங்கள் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

'ஸ்டோன் டேப்' நைஜல் நீல் எழுதியது. ஜப்பான்காரனை முந்த வேண்டும், டேப்புக்குப் பதிலாகப் பதிவு செய்யப் புதிதாக ஒன்று கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிக் குழு பழைய பங்களாவில் குடியேறுகிறது. அங்கே ஓர் அறையில் ஒரு பெண்ணின் அலறல் திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஓட வேண்டியவர்கள் ஓடவில்லை. இந்தக் கல்சுவரே பதிவுக் கருவிதான், இதைப் பிடித்தால் காசு என்று மெஷினோடு இறங்குகிறார்கள். எனக்குப் பேயைவிட அந்தக் குழுவின் மேலாளரைப் பார்த்துத்தான் பயம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இங்கிலாந்தின் ரீடிங் நகரத்தில் வேலை பார்த்த காலத்தில் அங்குள்ள சாரிட்டி ஷாப்களில் (நன்கொடையாக வந்த பழைய சாமான் விற்கும் கடைகள்) இந்த டிவிடிகளை மலிவாக அள்ளினேன். மதுரைக்கு வந்து பார்த்தால் வீட்டு பிளேயரில் ஒன்றும் ஓடவில்லை. டிவிடிக்கு வட்டாரப் பூட்டு உண்டு: அங்கே ரீஜன் 2, நமக்கு ரீஜன் 5. அங்கேயே வாங்கிய லேப்டாப்பை டிவியில் இணைத்து, ஒரு ராத்திரி குடும்பத்துக்கே 'டியூரிங் பார்ட்டீஸ் பார்ட்டி' போட்டேன். அதுவும் நைஜல் நீல்தான், 1976-இல் 'பீஸ்ட்ஸ்' தொடரில் வந்தது. நடுத்தர வயதுக் கணவன், மனைவி, ஒரு வீடு, ரேடியோ. தரைக்கு அடியில் எலிகள். திரையில் ஒரு எலிகூட வராது, முழுக்கச் சத்தம்தான்.

என் மச்சினன் பத்தாவது நிமிஷத்திலேயே ஆரம்பித்துவிட்டான். "மாமா, ஒரு எலி வாங்கக்கூடவா இவங்ககிட்ட காசு இல்லை?" பிள்ளைகள் எல்லாம் சிரிப்பு. நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் அத்தைக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கீழே பிராண்டல் அதிகமாக அதிகமாக, முதலில் ஒரு கால், பிறகு இன்னொரு கால் சோபாவுக்கு மேலே ஏறிவிட்டது. கீரை அப்படியே மடியில். "ஏன் மாப்பிள்ளை, அந்தம்மா கரடியா கத்துது, அந்த ஆளு காதுல போட்டுக்கவே மாட்டேங்கிறாரே" என்றார். நாடகமே அதுதான்! எலி வெறும் சாக்கு. ஒரு வார்த்தை புரியாமல் அத்தை பிடித்ததை, ஆங்கில மீடியத்தில் படித்தவன் கோட்டை விட்டுவிட்டான்.

உடனே சிலர் கிளம்புவீர்கள்: வெள்ளைக்காரன் சரக்கென்றால் தலையில் வைத்து ஆடுவான், நம்ம ஊர்ப் பேய்ப் படம் கண்ணுக்குத் தெரியாதா என்று. ஐயா, நம்ம ஊர்ப் படத்தை நான் குறையே சொல்லவில்லை. இவற்றிலும் சொதப்பல் உண்டு. 1978-இன் 'ஐஸ் ஹவுஸ்' எனக்கு ஒட்டவே இல்லை.

இன்னொன்று, இன்று நாம் பார்ப்பது மிச்சம் மீதிதான். டேப் விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கு நடிகர்களோடு போட்ட ஒப்பந்தமும் இடம் தரவில்லை, அதனால் ஒளிபரப்பியதை அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். 1972-இன் 'டெட் ஆஃப் நைட்' தொடரில் ஏழில் மூன்றுதான் இருக்கிறது. கிராமத்துக்குத் தனியாகக் குடிபோன பெண்ணின் கதையான 'ராபின் ரெட்பிரெஸ்ட்' 1970-இல் கலரில் எடுத்தது, இப்போது கறுப்பு வெள்ளைப் பிரதி மட்டுமே உண்டு.

இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்ததற்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. என் கல்யாண கேசட்டில் தாலி கட்டும் இடம் பூஞ்சை பிடித்துப்போய், படம் எடுத்த ஸ்டுடியோவுக்கு ஓடினேன். "மாஸ்டர் கேசட்டை அடுத்த முகூர்த்தத்துக்கே யூஸ் பண்ணிட்டோம் சார்" என்றார் அந்தப் புண்ணியவான், தலையைக்கூட நிமிர்த்தாமல். எங்கள் இருவரையும் தாமரைப் பூவுக்குள் சுழலவிட்ட கிராஃபிக்ஸுக்குத் தனிக் காசு வாங்கியவர்! தாலி போய்விட்டது, தாமரை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. பிபிசியாவது பட்ஜெட் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு வெற்று கேசட் என்ன விலை? என்னிடமே கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பேனே!

உங்கள் கேள்வியை விட்டு எங்கேயோ போய்விட்டேன். திரும்ப ஒருமுறை பார்ப்பதென்றால் 'வார்னிங்'கில் தொடங்குங்கள், டிவியில், விளக்கை அணைத்துவிட்டு. டிவி செட்டிங்கில் அசைவை வழவழப்பாக்கிக் காட்டும் மோஷன் ஸ்மூத்திங்கை மறக்காமல் ஆஃப் செய்யுங்கள். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட பிரதி கிடைத்தால் அதுவே மேல். 1992 அக்டோபர் 31 அன்று நேரலைபோல எடுத்து, நிஜம் என்று நம்பிய ஜனங்களைக் கலங்கடித்த 'கோஸ்ட்வாட்ச்' கடைசியாக இருக்கட்டும். பிபிசி அதை மறுபடி ஒளிபரப்பவே இல்லை. எலி நாடகத்துக்கு மட்டும் வீட்டில் ஒரு பெரியவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், மச்சினன் வேண்டாம்.