'ஜில்' என்பது ஆங்கிலச் சொல்லா? அதன் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது?

ஆங்கிலம் இல்லை. இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் பிள்ளையின் கட்டுரையிலும் யாரோ சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

மகள் தொடக்கநிலை ஐந்து. மழை நாளில் எம்ஆர்டி ரயிலில் போனதைப் பற்றி, "நனைந்த கையால் கம்பியைப் பிடித்தேன், ஜில்லென்று இருந்தது" என்று எழுதியிருந்தாள். எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்த வரியே அதுதான். துணைப்பாட ஆசிரியர் அதை அடித்துவிட்டு மேலே 'குளிர்ச்சியாக' என்று எழுதியிருந்தார். ஓரத்தில், 'ஆங்கிலம் கலக்காதே'. ஆங்கிலத்து 'ச்சில்' (chill)தான் நம்மிடம் ஜில் ஆனதாம்.

'சுள்ளென்று வெயில்' எந்த ஆங்கிலத்திலிருந்து வந்தது? 'சுரீர்' எங்கிருந்து வந்தது? உடம்பில் பட்டதும் உணர்வதை ஒலியாகச் சொல்லும் குறிப்புச் சொற்கள் இவை. குளிர்ச்சியைச் சொல்லும் ஜில், சில்லென்று, சிலுசிலு, சில்லிட்டுப்போவது எல்லாம் அந்தக் குடும்பம்தான். 'ஜ' போட்டு எழுதுவதால்தான் இந்தச் சந்தேகமே வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் 'சில்லிடு' இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லோ அவர்களுடைய பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. உறைபனியைக் குறிக்கும் இலத்தீன் 'கெலு' அதற்குத் தூரத்துச் சொந்தம். ஜெல்லியும் ஜெலாட்டோ ஐஸ்கிரீமும் அந்தக் கெலுவின் வழி வந்த பெயர்கள். ஜில்லும் ச்சில்லும் ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை, கிடங்கில் கணக்குப் பார்ப்பவன். "தூய தமிழில் ஜ ஏது?" என்று சண்டைக்கு வருபவர்கள் சில்லென்று என்றே எழுதிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் மண்பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு "சில்லுன்னு இருக்குடா" என்ற என் அப்பாயிக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

இன்னொன்று. தெலுங்கில் குளிருக்குச் 'சலி', கன்னடத்தில் 'சளி'. நம் மூக்கில் ஒழுகும் சளியும் அதே வேர்தான். இது ஏன் ஞாபகம் வந்தது என்றால், அந்தத் துணைப்பாட வகுப்பில் ஏர்கானைப் பதினெட்டில் வைக்கிறார்கள். பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போன மாதம் மகளுக்குச் சளி பிடித்து இரண்டு வகுப்பு போகவில்லை. அதற்கும் முழுக் கட்டணம்! கேட்டால், "ஈடு வகுப்பு கிடையாது, படிவத்திலேயே போட்டிருக்கிறது" என்கிறார்கள்.

படிவம் முழுக்க ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.